பனிக்காட்டில் பிழைக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன் பசி தெரியவில்லையே!

உங்கள் வீட்டில் பதினாறு, பதினேழு வயதில் பிள்ளை இருக்கிறானா? ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது, அவன் அறைக் கதவிடுக்கில் நீல வெளிச்சம் தெரிகிறதா? சத்தம் போடாமல் எட்டிப் பாருங்கள். துப்பாக்கிச் சத்தம் இல்லை, கார் ரேஸ் இல்லை. திரை முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. காற்று ஊளையிடுகிறது. ஒரு ஒற்றை மனிதன் மூச்சிரைக்க நடக்கிறான்... இவ்வளவுதான் என்றால், உங்கள் பிள்ளை ஆடுவது 'தி லாங் டார்க்' என்கிற ஆட்டம், அல்லது அதன் சாயலில் வந்த இன்னொன்று.

தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது. மணலி வெக்கையில் முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியிருக்கிறது. பிள்ளையோ கனடா தேசத்துப் பனியில் ஒருவன் விறைத்துச் சாகாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் நீங்கள் எட்டரை மணிக்கு வைத்த இட்லித் தட்டு அப்படியே ஆறிப்போய்க் கிடக்கிறது!

சடையங்குப்பத்திலும் மணலி புதுநகரிலும் இருந்து வருகிறவர்களுக்கு நாடி பிடித்துப் பார்க்கிற சித்த வைத்தியனுக்கு வீடியோ கேமில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கழுத்து வலி, கண் எரிச்சல், காலையில் தலைபாரம், 'வயிறு கட்டிக்கிச்சு' என்று வருகிற பிள்ளைகளின் கணக்கு சில வருஷமாக ஏறிக்கொண்டே போகிறது. கஷாயம் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் 'தம்பி, ராத்திரி என்னப்பா பண்றே?' என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஆட்டமும் எனக்குத் தெரியவந்தது. ஒரு நாள் உட்கார்ந்து அவர்களையே காட்டச் சொல்லிப் பார்த்தேன். பார்த்த பிறகு எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே ரஃபேல் வான் லீரோப் என்பவர் ஆரம்பித்த 'ஹிண்டர்லேண்ட் ஸ்டுடியோ' என்கிற சின்ன கம்பெனியின் தயாரிப்பு இது. பெரிய கம்பெனிகளின் பணமில்லாமல் சிறு குழுக்கள் தாங்களாகவே செய்யும் ஆட்டங்களை 'இண்டி' என்கிறார்கள். நம் ஊர் சிறு பத்திரிகை மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். 2013-ல் 'கிக்ஸ்டார்ட்டர்' மூலம் ஆட்டம் ஆட ஆசைப்பட்டவர்களிடமே பணம் திரட்டி, 2014 செப்டம்பரில் அரைகுறையாக வெளியிட்டு, 2017 ஆகஸ்ட் 1-ம் தேதி முழு ஆட்டமாகக் கொண்டுவந்தார்கள்.

கதை சின்னது. சூரியனிலிருந்து கிளம்பிய காந்தப் புயலில் உலகத்தின் மின்சாரம் போய்விடுகிறது. வடக்குக் கனடாவில் 'கிரேட் பேர்' என்கிற கற்பனைத் தீவில் ஒரு சிறு விமானம் விழுகிறது. தப்பித்தவன் உயிரோடு இருக்க வேண்டும். பேய் கிடையாது, பிசாசு கிடையாது, சுட்டுத் தள்ள எதிரிப் படையும் கிடையாது. ஓநாய் உண்டு, கரடி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே குளிர் உண்டு. கதையே வேண்டாம் என்றால் 'பிழைத்திரு' என்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. அதில் எத்தனை நாள் உயிரோடு இருந்தாய் என்பது மட்டும்தான் கணக்கு. செத்தால் அவ்வளவுதான், சேர்த்து வைத்த ஆட்டம் அழிந்துபோகும். நூறு நாள் பிழைத்திருந்தாலும் சரி, மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இனிமேல்தான் வைத்தியனின் கண்ணில் பட்ட விஷயம். அந்த ஆட்டத்தில் நான்கு அளவுகள் உண்டு. உடம்பின் சூடு, களைப்பு, தாகம், பசி. நடந்தால் களைப்பு ஏறும். பாரம் தூக்கினால் இன்னும் வேகமாக ஏறும். சாப்பிடுகிற ஒவ்வொரு டப்பாவுக்கும் கலோரி கணக்கு எழுதியிருக்கும். இந்த நான்கில் ஒன்று காலியானாலும் உயிர் சதவீதம் இறங்க ஆரம்பிக்கும். பனியை உருக்கிய தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடித்தால் சீதபேதி. கெட்டுப்போன டின்னைத் தின்றால் வயிற்றோட்டம். ஓநாய், கரடி இறைச்சியைத் தின்றால் குடலில் புழு வரலாம். கால் பிசகினால் கட்டுப் போட வேண்டும். இதையெல்லாம் ஒரு பள்ளிக்கூடப் பாடத்தில் சொல்லியிருந்தால் நம் பிள்ளைகள் கொட்டாவி விட்டிருப்பார்கள்!

நாங்கள் கல்லூரியில் மனப்பாடம் செய்த ஒரு பட்டியல் உண்டு. பதினான்கு வேகங்கள். உடம்பு தானாகக் கொடுக்கிற உந்துதல்கள், அவற்றை அடக்கக்கூடாது என்பது சித்த மருத்துவத்தின் அரிச்சுவடி. தும்மல், கொட்டாவி, இருமல், சிறுநீர், மலம், பசி, நீர்வேட்கை, இளைப்பு, நித்திரை, வாந்தி, கண்ணீர், மூச்சு என்று அது போகும். ஆட்டத்தின் நான்கு அளவுகளில் பசியும் தாகமும் களைப்பும் அந்தப் பட்டியலில் அப்படியே இருக்கின்றன. குளிர் மட்டும் இல்லை. தமிழ்நாட்டு வெயிலில் உட்கார்ந்து எழுதிய பட்டியல் அல்லவா!

ஆக, உடம்பின் வேகத்தை மதிக்காதவன் சாவான் என்பதுதான் அந்த ஆட்டத்தின் ஒரே சட்டம். அந்தச் சட்டத்தை வரி பிசகாமல் கடைப்பிடிக்கிற பிள்ளை, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தன் சொந்தப் பசியையும், தாகத்தையும், தூக்கத்தையும் அடக்குகிறான். ஒன்றுக்குப் போவதைக்கூட 'இந்தப் புயல் நிக்கட்டும்' என்று தள்ளிப் போடுகிறான். திரைக்குள் இருக்கிறவனைப் பத்து மணி நேரம் தூங்க வைக்கிறான். அது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. திரைக்குள் பொழுது விடிந்து, அந்த ஆள் புதுத் தெம்போடு எழுந்து நடக்கிறான். இங்கே நம் பிள்ளைக்கு மணி இரண்டேகால்.

இன்னொரு கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டத்தில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் சுமார் இரண்டு மணி நேரம். 'இன்னும் ஒரே ஒரு நாள் மட்டும்மா' என்று அவன் சொன்னால், கேட்பது இரண்டு மணி நேரம்! தூக்கத்தில் கழிகிற பகுதி சீக்கிரம் ஓடிவிடும் என்பதால் கொஞ்சம் குறையலாம். இருந்தாலும் 'ஒரு நாள்தானே' என்று நீங்கள் தலையாட்டிவிட்டுப் போனால் பொழுது விடிந்துவிடும்.

தூக்கத்தை அடக்கினால் தலைபாரம், கண் சிவப்பு, காது மந்தம் வரும் என்று எங்கள் நூல்கள் சொல்கின்றன. இன்றைய விஞ்ஞானம் 13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது. இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன. எனக்கு இதில் சண்டையே கிடையாது.

ஒரு தாய் தன் பிளஸ் டூ மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். 'இன்னா சொன்னாலும் கேக்க மாட்டேன்றான் சார். ராத்திரி பூரா கம்ப்யூட்டர் முன்னாடியே குந்திகினு இருக்கான். ஐஸ்ல ஒரு ஆள் நடந்துகினே இருக்கான், இவனும் பாத்துகினே இருக்கான். பைத்தியம் புடிச்சிருச்சா சார்?' என்றார். பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, 'உனக்கு அந்த ஆட்டத்துல என்னப்பா புடிக்குது?' என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான். 'வெள்ளம் வந்தப்ப நாங்க மாடில மாட்டிக்கினோம் சார். அப்ப இன்னா பண்றதுன்னே தெரியல. இதுல தெரியுது.'

வாசகர்களே, இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

எங்கள் பகுதியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வடகிழக்குப் பருவமழை வந்து பூண்டி ஏரி நிரம்பினால் உபரி நீரைக் கொசஸ்தலை ஆற்றில் திறப்பார்கள். கரையோரத்தில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை என்று ரேடியோவில், டி.வி.யில் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். இடையஞ்சாவடி, மணலி, மணலி புதுநகர், சடையங்குப்பம், எண்ணூர், கத்திவாக்கம் என்று முடியும். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது செய்தி. எங்களுக்கு அது பாத்திரத்தைப் பரணில் ஏற்ற வேண்டிய நேரம். 2015 டிசம்பரில் வந்தது. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயலோடு வந்தது. அந்தத் தடவை மணலித் தொழிற்பகுதியிலிருந்து கச்சா எண்ணெயும் தண்ணீரில் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் வரைக்கும் கறுப்பாகப் படிந்தது. கரண்ட் இல்லை. சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. நனைந்த துணியோடு மொட்டை மாடியில் ராத்திரி. பசி, தாகம், களைப்பு, குளிர்! நான்கு அளவும் அங்கே இருந்தன.

அதனால்தான் அந்தப் பையன் ஆடுகிறான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மனநல மருத்துவர் சொல்ல வேண்டிய விஷயம் அது. ஆனால் 'பைத்தியம்' என்று சொல்வதற்கு முன்னால் 'உனக்கு என்ன புடிக்குது?' என்று ஒரு கேள்வி கேட்க நமக்கு ஐந்து நிமிஷம் ஆகாதா?

சரி, மருந்துக்கு வருவோம். எனக்கு மிகவும் ருசித்த பகுதி இது! காட்டில் கிடைக்கிறதை வைத்துத்தான் அந்த ஆட்டத்தில் வைத்தியம். காட்டு ரோஜாவின் காயைக் காய்ச்சிக் குடித்தால் வலி குறையும். ரெய்ஷி என்கிற மரக்காளானில் டீ போட்டுக் குடித்தால் தொற்று அடங்கும். மரக்கிளையில் தாடி மாதிரித் தொங்குகிற 'கிழவன் தாடி' என்ற பாசியைக் காயத்தில் வைத்துக் கட்டினால் சீழ் பிடிக்காது. 'சார், இதெல்லாம் உங்க வைத்தியம் மாதிரியே இருக்கு' என்று பிள்ளைகள் என்னிடம் உற்சாகமாகச் சொல்கிறார்கள். பாராட்டுக்கு நன்றி. ஆனால் வைத்தியன் என்கிற முறையில் உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

ரோஜாக்காயில் வைட்டமின் சி நிறைய. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்துக்கு ஆரஞ்சு வந்து சேராதபோது, அங்கே பள்ளிப் பிள்ளைகள் வேலியோரம் ரோஜாக்காய் பறித்துக் கொடுத்து, அதில் சிரப் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். மூட்டு வலிக்கு அது ஓரளவு உதவும் என்றும் ஆராய்ச்சிகள் உண்டு. ஆனால் ஒரு கப் குடித்ததும் சுளுக்கு வலி பறந்துவிடும் என்பது ஆட்டத்தின் அவசரம்!

கிழவன் தாடியில் உள்ள அஸ்னிக் அமிலம் சில கிருமிகளைக் கொல்வது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த சங்கதி. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில், பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் போடுகிற கல்பாசி அதே லைக்கன் இனத்தைச் சேர்ந்த ஒன்றுதான். அதற்காக 'மூலிகைதானே, ஒன்றும் செய்யாது' என்று கிழவன் தாடியை உள்ளுக்குச் சாப்பிட்டுவிடாதீர்கள். இந்த அமிலம் கலந்த ஓர் இளைப்பு மாத்திரையைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டுப்போனவர்கள் உண்டு. 2001-ல் அமெரிக்க உணவு மருந்துத் துறை அதற்கு எச்சரிக்கையே விட்டது. 'பச்சிலை, பக்கவிளைவு இல்லை' என்று விளம்பரம் செய்கிறவர்களை நான் எப்போதுமே சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அவர்கள் என் துறைக்காரர்களாக இருந்தாலும்! ரெய்ஷி டீ ஆன்டிபயாடிக்குக்கு மாற்று இல்லவே இல்லை. துருப்பிடித்த தகடு கிழித்த காயம், நாய்க்கடி, சீழ் வைத்த புண் என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். தடுப்பூசியும் போட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு அந்த மண்ணின் ஒரு நிஜக் கதையும் சொல்லியாக வேண்டும். 1535-ம் வருஷக் குளிர்காலம். பிரான்ஸ் தேசத்து மாலுமி ழாக் கார்த்தியே, இன்றைக்குக் கியூபெக் நகரம் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தன் கப்பல்களோடு பனியில் மாட்டிக்கொண்டார். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரைக்கும் ஆறு உறைந்து கிடந்தது. கூட இருந்தவர்கள் சுமார் 110 பேர். காய்கறி, பழம் எதுவும் இல்லை. ஈறு அழுகியது, பல் விழுந்தது, கால் கறுத்து வீங்கியது. ஸ்கர்வி நோய்! 25 பேர் வரை செத்துப்போனார்கள். அந்த ஊர்ப் பழங்குடித் தலைவர் டொன்னகோனாவின் மகன் டொமகாயா, ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். 'அன்னெத்தா' என்பது அவர்கள் வைத்த பெயர். முதலில் பயந்தவர்கள், இரண்டு மூன்று தடவை குடித்ததும் தெம்பு வருவதைப் பார்த்து அடித்துப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். ஒரு முழு மரமும் காலியானது. மிச்சமிருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அதற்குக் கைம்மாறு என்ன தெரியுமா? ஊருக்குத் திரும்பும்போது கார்த்தியே அந்த டொன்னகோனாவையும் மகன்களையும் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். டொன்னகோனா பிரான்ஸிலேயே இறந்துபோனார். கஷாயம் கொடுத்த கைக்கு இப்படியும் கிடைத்திருக்கிறது!

அந்த அறிவு ஐரோப்பாவில் நிற்கவில்லை. இருநூறு வருஷம் கழித்து, 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்கிற கப்பல் டாக்டர் 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வேறு வேறு மருந்து கொடுத்துப் பார்த்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்கள்தான் எழுந்து நடந்தார்கள் என்று காட்டினார். அப்புறமும் ஆங்கிலேயக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லோருக்கும் கொடுக்க 1795 ஆனது. ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள பெருநெல்லிக்காய் நமக்கு மார்க்கெட்டில் கூறு கட்டி விற்கிறார்கள். பிள்ளைக்கு ராத்திரி சிப்ஸ் பாக்கெட் வாங்கிக் கொடுக்கிற கை, அதில் இரண்டை வாங்கி உப்புத் தொட்டுக் கொடுக்கக் கூடாதா?

பனி என்றதும் நம்மவர்களுக்கு அது கதையில்தான் என்று ஒரு நினைப்பு. 2016 பிப்ரவரி 3-ம் தேதி, சியாச்சினில் 19,000 அடிக்கு மேலே சோனம் காவல் முகாம் பனிச்சரிவில் புதைந்தது. உள்ளே இருந்தவர்கள் பத்துப் பேர், மெட்ராஸ் ரெஜிமென்ட் ஜவான்கள். அதில் நான்கு பேர் நம் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள். ஆறு நாள் கழித்துத் தோண்டியபோது கர்நாடகத்து ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு இருந்தார். நாடே பிரார்த்தனை செய்தது. பிப்ரவரி 11-ம் தேதி டெல்லி ராணுவ ஆஸ்பத்திரியில் அவரும் போய்விட்டார். ஆட்டம் ஆடுகிற பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள். அவனுக்கு இது புரியும், உங்களைவிட நன்றாகவே புரியும்.

உடம்பின் உள்சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் நடுக்கம் வரும். நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூக்கம் சொக்கினால் 'குளிர் விட்டுப்போச்சு' என்று சந்தோஷப்படாதீர்கள். அதுதான் மோசமான கட்டம். வெள்ளத்தில் மணிக்கணக்காக நனைந்த கைக்குழந்தைக்கும் கிழவிக்கும் நம் சென்னையிலேயே இது வரலாம். ஈரத்துணியைக் கழற்றி, துடைத்து, கம்பளியில் சுற்றி, நினைவு இருந்தால் வெதுவெதுப்பாகச் சர்க்கரை போட்ட சுக்குத் தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கை காலை அழுத்தித் தேய்க்கக்கூடாது. 'சூட்டுக்கு ஒரு வாய்' என்று பிராந்தி ஊற்றவே கூடாது, அது உள்சூட்டை இன்னும் வெளியேற்றிவிடும்.

இந்த ஆட்டத்தில் இன்னொரு வியாதியும் இருக்கிறது. குளிருக்குப் பயந்து நாள்கணக்கில் குடிசைக்குள்ளேயே அடைந்து கிடந்தால் 'அடைசல் காய்ச்சல்' மாதிரி ஒன்று வருகிறது. அது வந்துவிட்டால் உள்ளே படுத்துத் தூங்க முடியாது. வெளியே போய்த் தீர வேண்டும். அட! நாம் சொன்னால் கேட்காத பிள்ளைக்கு ஆட்டமே சொல்கிறது பாருங்கள், வெளியே போடா என்று.

ஆனால் எங்கே போவான்?

'வெளியில போய் விளையாடுறதுக்கென்ன?' என்று கேட்கிற பெற்றோர் எல்லோரையும் நான் கேட்கிறேன். மணலி விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலா? சாயங்காலம் ஆனால் நெடி வந்து ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோமே, அந்தக் காற்றிலா? 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகள் என்று 43 இடங்களைப் பட்டியல் போட்டபோது அதில் மணலியும் இருந்தது. நான் சின்ன வயதில் கில்லி ஆடிய மாதிரி இடம் இன்றைக்கு இந்தப் பக்கத்தில் சல்லடை போட்டுத் தேட வேண்டியிருக்கிறது. பிள்ளை பனிக்காட்டுக்குப் போனதற்கு அவன் மட்டும்தான் காரணமா? திரையில் அவனுக்குக் கிடைப்பது பெரிய வெட்டவெளி. லாரி இல்லை, ஹார்ன் இல்லை. நடந்துகொண்டே இருக்கலாம். எனக்கே கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது!

வார்டுக்கு ஒரு விளையாட்டு மைதானம், அதில் வெளிச்சம், அதைச் சுற்றி நாலு மரம். இதை நாம் கவுன்சிலரிடம் கேட்டிருக்கிறோமா? கோயில் கொடைக்கு ஒன்று கூடுகிறோம், குடிதண்ணீருக்குக் குடத்தோடு ரோட்டில் உட்காருகிறோம். பிள்ளைகள் ஓடியாட ஓர் இடம் கேட்டு ஒரு மனு எழுதியதில்லை. பள்ளிக்கூட மைதானத்தைச் சாயங்காலம் ஆறரை வரைக்கும் திறந்து வையுங்கள் என்றாவது கேட்கலாமே. கேட்காமல், பையனைப் போட்டு அடிப்பது என்ன நியாயம்?

அடுத்து, வீட்டில் செய்ய வேண்டியது. பாதியில் மெயின் ஸ்விட்சை அணைக்காதீர்கள். அவன் இருபது நாள் உழைப்பை நீங்கள் அழித்துவிடலாம். அப்புறம் ஒரு வாரம் உங்களோடு பேச மாட்டான். இந்த ஆட்டத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தாலும், படுத்துத் தூங்கினாலும் அதுவரை ஆடியது தானாகப் பதிவாகிவிடும். அதனால், 'பத்து மணிக்கு நிறுத்து' என்று சொல்வதைவிட, ஒன்பதரைக்கு 'எங்கேயாவது குடிசை பாத்துப் படுக்க வைப்பா, நாமளும் படுக்கலாம்' என்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு ஆட்டம் தெரிகிறது என்கிற ஆச்சரியத்திலேயே பாதி எழுந்து வருவான்.

சாப்பாட்டுத் தட்டை அவன் மேஜைக்குக் கொண்டுபோகிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். பசித்தால் எழுந்து வரட்டும். பக்கத்தில் ஒரு சொம்பு சீரகத் தண்ணீர் மட்டும் வைக்கலாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள், எரிச்சல் குறையும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் சூட்டைத் தணிக்கும். ஆனால் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் விழித்துவிட்டு எண்ணெய் தேய்த்தால் எந்தப் புண்ணியமும் இல்லை. தூக்கம் வரப் பாலில் ஜாதிக்காய் போடுகிறவர்கள் ஒரு சிட்டிகைக்கு மேல் போக வேண்டாம். அதிகமானால் அது மயக்கும்.

எல்லாப் பிள்ளையையும் 'அடிக்ட்' என்று சொல்லாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' என்று ஒன்று உண்டு. ஆட்டத்தை நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாகிப் போவது, படிப்பும் உடம்பும் உறவும் கெடுகிறது என்று தெரிந்தும் தொடர்வது... இவை பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். அப்படி இருந்தால் கூச்சப்படாமல் மனநல மருத்துவரிடம் போங்கள். என்னிடம் வந்தாலும் நான் அங்கேதான் அனுப்புவேன். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014-ல் தனிப் பிரிவு தொடங்கினார்கள்.

பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் சமாசாரம் வேறு. அது குடும்பத்தையே விழுங்குகிற பூதம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே அதற்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பனிக்காட்டு ஆட்டத்தையும் அதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். இதில் பிள்ளை தோற்பது தூக்கத்தை மட்டும்தான். அதுவே பெரிய நஷ்டம்தான் என்பதும் நிஜம்.

ஐப்பசி பிறந்தால் நமக்கு மழை. வீட்டில் வெள்ளத்துக்கு என்ன எடுத்து வைக்க வேண்டும் என்று இந்தப் பிள்ளைகளிடம் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் நினைக்காததெல்லாம் எழுதுவார்கள். தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்க வேண்டும், டார்ச்சுக்கு உபரி செல், ஒரு ஆளுக்கு நாளைக்கு இத்தனை லிட்டர் தண்ணீர், கனம் குறைவாகவும் கலோரி அதிகமாகவும் வேர்க்கடலையும் வெல்லமும், உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி! தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும் என்றும் எழுதுவான். அங்கே மட்டும் நீங்கள் ஒரு திருத்தம் போடுங்கள். பனியை உருக்கிய தண்ணீருக்கு அது போதும். நம் பக்கத்து வெள்ள நீரில் கிருமி சாகும், எண்ணெயும் உப்பும் ரசாயனமும் போகாது. ஆகவே குடிக்கிற தண்ணீரை முன்கூட்டியே கேனில் பிடித்து மேலே ஏற்றிவிட வேண்டும்.

பாட்டியின் பி.பி. மாத்திரையும் தாத்தாவின் சர்க்கரை மாத்திரையும் அவன் பட்டியலில் இருக்காது. அந்த ஆட்டத்தில் கிழவர்கள் யாரும் கூட வருவதில்லை. பத்து நாளைக்கானதை, டாக்டர் சீட்டோடு சேர்த்து, கடைசி வரியில் நீங்களே எழுதிக் கொடுங்கள்.